வந்து சேர்ந்த கடுவன் பூனையை வீட்டில் பழக்குவது எப்படி?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையின் இருபுறமும் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார்த் தொழிற்சாலையுடன் வேகம் பிடித்த மாற்றம், 2010-ஐ ஒட்டி ஒரகடம், வல்லம் பகுதிகளுக்கும் பரவியது. ஆனாலும் ஏரித் தண்ணீர் பாயும் இடங்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் சாகுபடி நடந்துகொண்டுதான் இருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள், இந்தப் பக்கம் களத்துமேடு என்பது இவ்வட்டாரத்தில் சாதாரணக் காட்சி.

இந்த இரண்டுக்கும் நடுவே எலிக்கும் பூனைக்கும் பஞ்சமில்லை. உணவுக்கூடக் கழிவும், சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளின் எச்சிலும் எலியை இழுக்கின்றன. எலியும் எச்சிலும் சேர்ந்து பூனையை இழுக்கின்றன. வாடகை அறையைக் காலி செய்து போகிறவர்கள் வளர்த்த பூனையை விட்டுவிட்டுப் போவதும் உண்டு. அப்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. இப்படி அலையும் பூனைகளில் கடுவன்தான் பெரும்பாலும் விவசாயி வீட்டு மாட்டுக்கொட்டகையில் வந்து நிற்கும். தாய்ப்பூனை குட்டிகளோடு ஓரிடத்தில் அடங்கும். கடுவனோ சண்டை போட்டு, காது கிழிந்து, தோற்ற இடத்தைவிட்டு ஓடி, கிடைத்த கூரையின் கீழ் ஒண்டும்.

நவரை அறுவடை முடிந்ததும் வயல் வரப்பில் இரை குறைகிறது. எலிகள் வீட்டையும் வைக்கோல் போரையும் தேடி வருகின்றன. எலியின் கர்ப்ப காலம் மூன்று வாரம்தான். விதை மூட்டையை எலி குதறிய பிறகு விழிப்பவர்கள், "ஒரு பூனை இருந்தால் நல்லது" என்று அந்தக் கடுவனுக்குப் பழைய சோறு வைக்கிறார்கள். சிலர் அதுவும் வைப்பதில்லை. பசித்திருந்தால்தான் எலி பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு தவறானது.

பட்டினிப் பூனை எலி பிடிக்குமா?

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக விலங்கியல் அறிஞர் சார்லஸ் எல்டன், பண்ணைப் பூனைகளைப் பற்றி 1953-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எலி மலிந்த பண்ணையில் பூனையைக் கொண்டுவந்து விட்டால் எலி ஒழிந்துவிடுவதில்லை. முதலில் வேறு வழியில் எலிகளை ஒழித்து, பிறகு பூனைகளை வைத்தால், எலி மறுபடி வந்து குடியேறாமல் அவை காத்தன. அதுவும் பூனைகளுக்குத் தினம் பால் ஊற்றிக் கட்டடங்களின் அருகிலேயே தங்க வைத்த இடங்களில்தான் பயன் தெரிந்தது. உணவு கொடுக்காத பூனை இரை தேடி வெளியே போய்விடுகிறது. வீட்டில் இல்லாத பூனை வீட்டு எலியை எப்படித் தடுக்கும்?

அமெரிக்காவில் நியூயார்க் நகரக் கழிவுக் கூடம் ஒன்றில் கேமரா வைத்துப் பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு விதமாகக் காட்டியது. 79 நாட்களில் அங்கிருந்த பூனைகள் கொன்றது இரண்டே எலிகளை. ஆனால் பூனை நடமாடிய நாட்களில் எலிகள் வெளியே தலைகாட்டுவது குறைந்தது. வளர்ந்த பெருச்சாளியோடு மல்லுக்கு நிற்கப் பூனைக்கு விருப்பமில்லை. சுண்டெலி, எலிக்குஞ்சு, இளம் எலி இவைதான் அதன் இலக்கு.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது வளைகளை அடைப்பது, மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளித் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குவது, கூண்டு வைத்துப் பிடிப்பது. வயலில் வளை தோண்டி எலி பிடிக்கும் இருளர் மக்களின் கைத்திறன் இம்மாவட்டத்தில் இன்னும் இருக்கிறது. கூலி கொடுத்து அழைப்பது விஷத்தைவிட மேலானது. பூனை அதற்குப் பிறகு வைக்கும் காவல்.

வீட்டுப் பூனையா, காட்டுப் பூனையா?

ஏரிக்கோரைகளிலும் கரும்புத் தோட்டத்திலும் காட்டுப்பூனைகள் உண்டு. மணல் நிறம், நீண்ட கால்கள், குட்டையான வாலில் கறுப்பு வளையங்கள், காது நுனியில் சிறிய மயிர்க்கொத்து இவை அதன் அடையாளம். அது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. பிடித்து வளர்க்கக் கூடாது. குட்டியைக் கண்டால் தொடாமல் விட்டுவிட வேண்டும். தாய் அருகில்தான் இருக்கும்.

வீட்டுப் பூனை இனத்திலேயே இரண்டு வகை இருக்கின்றன. மனிதக் குரலுக்கு வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து கத்தும் பூனை, முன்பு யார் வீட்டிலோ இருந்தது. அதைப் பழக்கலாம். பல நாள் சோறு வைத்தும் ஆளைக் கண்டதும் தரையோடு தரையாகப் பதுங்கி ஓடுகிற வளர்ந்த கடுவன் தெருவிலேயே பிறந்தது. அதை அறைக்குள் அடைத்துப் பழக்க நினைப்பது இருவருக்கும் துன்பம். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, மாட்டுக்கொட்டகையில் உணவு வைத்து அதன் போக்கில் விடுவதே சரி. காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் முன்பே யாரோ கருத்தடை செய்து விட்ட பூனை என்று அறிய வேண்டும். வெட்டு சண்டையில் பட்ட கிழிசலாகவும் இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டிக்கொள்வது நல்லது. அக்கம்பக்கத்தில் யாராவது பூனையைத் தேடுகிறார்களா என்று விசாரிக்கவும் மறக்கக் கூடாது.

முதல் மூன்று வாரம்

வந்த பூனையை முதல் நாளே வீடு முழுவதும் திரிய விடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. புதிய இடத்தில் பூனைக்கு எங்கே ஒளிவது, எங்கே தண்ணீர் என்று எதுவும் தெரியாது. மிரண்டு பரணுக்கும் அலமாரிக்குப் பின்னாலும் போய் இரண்டு நாள் வராது. கதவு திறந்த நேரத்தில் ஓடிவிடும். அதற்கு ஒரு சிறிய அறை போதும். ஓட்டு வீடானால் சுவருக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள சந்தைக் கோணி வைத்து அடைக்க வேண்டும். கடுவன் ஒரே தாவலில் அதன் வழியே போய்விடும். உரம், பூச்சிமருந்து வைத்த அறை கூடவே கூடாது.

அறையின் ஒரு மூலையில் மலம் கழிக்கத் தட்டு, எதிர்மூலையில் தண்ணீரும் உணவும், மூன்றாவது இடத்தில் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி. மூன்றும் அருகருகே இருந்தால் பூனை தட்டைத் தொடாது. பெட்டிக்குச் செலவில்லை. உதிரி பாகங்கள் வந்திறங்கும் கெட்டியான அட்டைப்பெட்டிகள் இவ்வட்டாரத்துப் பழைய சாமான் கடைகளில் ஏராளம். எண்ணெய், இரசாயன நெடி இல்லாததாகப் பார்த்து ஒரு பக்கம் வாசல் வெட்டிக் கவிழ்த்து, உள்ளே பழைய கைத்தறித் துண்டைப் போட்டால் போதும். தட்டுக்குப் பழைய பிளாஸ்டிக் தொட்டியில் மூன்று விரற்கடை உயரம் சலித்த உலர்மணலோ செம்மண்ணோ பரப்பலாம். வீட்டு வாசலில் பூனை முன்பு தோண்டிய மண்ணில் ஒரு பிடி அதோடு கலந்தால் விஷயத்தை அதுவாகவே புரிந்துகொள்ளும்.

முதல் இரண்டு மூன்று நாள் அது சாப்பிடாமல் பெட்டிக்குள் இருக்கலாம். கையை விட்டு இழுக்கக் கூடாது. வீட்டில் ஒருவர் மட்டும், தினம் ஒரே நேரத்தில் போய், உணவை வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து தம் வேலையைப் பார்க்க வேண்டும். முறத்தை எடுத்துக்கொண்டு போய் அரிசியில் கல் பொறுக்கினாலும் சரி. உற்றுப் பார்ப்பது பூனைகளிடையே சண்டைக்கு அழைப்பு. கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் பூனையும் நாளடைவில் அப்படியே செய்யும். அது தானே வந்து காலில் கன்னத்தை உரசும் நாள்தான் தொடுவதற்கு உரிய நாள். வாலை விசிறினால் கையை எடுத்துவிட வேண்டும். பிள்ளைகளைப் பொறுக்கச் சொல்வதுதான் இதில் கடினமான வேலை. முழுதாக ஒரு நாளுக்கு மேல் உணவையே தொடாவிட்டால் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கருத்தடை இல்லாமல் கடுவன் அடங்காது

கடுவனை வீட்டுக்குள் வைக்க முடியாது என்பவர்கள் சொல்லும் காரணம் நாற்றம். அது உண்மைதான். முழுக் கடுவன் சுவரிலும் மூட்டையிலும் பின்பக்கத்தைக் காட்டிச் சிறுநீர் பீய்ச்சும். அந்த நெடி சினைப்பருவப் பூனைகளுக்கும் போட்டிக் கடுவன்களுக்கும் அது விடும் அறிவிப்பு. நெல் மூட்டையில் பட்டால் அந்த நெல்லை வீட்டார் யாரும் தொட மாட்டார்கள். அறுவை மூலம் விதைகளை நீக்கிவிட்டால், வளர்ந்த கடுவன்களிலும் பத்தில் ஒன்பது இந்தப் பழக்கத்தையும், சண்டையையும், இரவில் அலைவதையும் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. இரத்தத்திலுள்ள ஆண் சுரப்பு நீர் உடனே குறைந்தாலும், பழக்கம் மாறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறுக்க வேண்டும்.

எருதுக் கன்றுக்குக் காயடிக்கும் கிடுக்கியைக் கொண்டு பூனைக்கும் செய்துவிடலாம் என்று யாராவது முன்வந்தால் அனுமதிக்கக் கூடாது. மயக்க மருந்து கொடுத்துக் கால்நடை மருத்துவர் செய்யும் அறுவை இது. சில நிமிட வேலைதான். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குத் திரும்பலாம். அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் உணவு நிறுத்த வேண்டும் என்பதைக் கேட்டு அப்படியே நடக்க வேண்டும். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் முதலில் விசாரிக்கலாம். அங்கே வசதி இல்லையென்றால், 1903-இல் தொடங்கிய வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் 1964 முதல் இயங்கிவரும் புளூ கிராஸ் போன்ற பிராணி நல அமைப்புகளையும் கேட்கலாம்.

பூனையைக் கோணிப்பையில் கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டு போகிறார்கள். லாரி ஒலியில் மிரண்டு பையைக் கிழித்துக்கொண்டு நடுச்சாலையில் குதித்த பூனை உயிரோடு திரும்புவது அரிது. மூடியுள்ள கூடை அல்லது கோழி கொண்டு போகும் கூண்டின்மேல் துணி போர்த்தி, கயிற்றால் இறுக்கிக் கொண்டு போக வேண்டும். அறையில் அடைத்து வைத்திருக்கும் நாட்களிலேயே அந்தக் கூடையில் உணவு வைத்துப் பழக்கியிருந்தால் பாதி வேலை முடிந்தது.

தடுப்பூசியும் பூச்சிமருந்தும்

தெருவில் அலைந்த கடுவனை நாய் கடித்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. வெறிநோய்த் தடுப்பூசியை மருத்துவரிடம் காட்டும் முதல் நாளே கேட்டுப் போட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி. பூனை கடித்தாலோ கீறி இரத்தம் வந்தாலோ, "பூனைதானே" என்று மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துவிட்டு இருக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் ஊசியைத் தொடங்க வேண்டும். மருத்துவர் குறித்துத் தரும் நாட்களில் ஒன்றைக்கூட விடக் கூடாது. வெறிநோயின் அறிகுறி மனிதனுக்கு வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். பூனையின் பல் ஊசிபோல் ஆழ இறங்குவதால், வெறிநோய் இல்லாவிட்டாலும் காயம் சீழ் வைக்கும்.

எலி தின்னும் பூனைக்கு நாடாப்புழு வரும். தெள்ளுப் பூச்சி மூலமும் வேறொரு நாடாப்புழு வரும். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். தெள்ளுக்கும் உண்ணிக்கும் மருந்து போடும்போதுதான் விவசாயி வீட்டில் விபரீதம் நடக்கிறது. மாட்டு உண்ணிக்காகத் தண்ணீரில் கலக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் மருந்து மாடத்தில் தயாராக இருக்கும். மாட்டுக்குப் போட்டு மிஞ்சியதைப் பூனைக்கும் தடவிவிடுகிறார்கள். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தையும் அப்படியே போடுகிறார்கள். இவ்வகை மருந்தை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பூனை நடுங்கி வலிப்பு வந்து இறந்துவிடும். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் மாத்திரை கொடுப்பதும் அப்படித்தான். பாதி மாத்திரையே உயிரை எடுக்கும்.

எலி விஷம் வைக்கும் வீட்டில் பூனை வளர்க்க முடியாது. பூனை விஷத்தை நேராகத் தின்னாவிட்டாலும், புரோமாடியோலோன் தின்று தள்ளாடும் எலியை எளிதில் பிடித்துத் தின்னும். அது இரத்தம் உறைவதைத் தடுக்கும் விஷம்; பூனைக்குச் சில நாள் கழித்துத்தான் விளைவு தெரியும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

ஆடு வளர்ப்பவர்கள் கவனிக்க

பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரின் முட்டைகள் வெளிவரலாம். இது தீவனத்தில் கலந்தால் சினை ஆடுகள் குட்டி வீசும். முதன்முறையாகத் தொற்றும் இளம் பூனைகள்தான் ஓரிரு வாரம் இதை அதிகமாக வெளியிடுகின்றன. வயது வந்த கடுவன் பெரும்பாலும் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்கும். எப்படியானாலும் ஆட்டுத்தீவனத்தையும் வைக்கோலையும் பூனை தோண்டாதபடி மூடி வைக்க வேண்டும். வெளிவந்த முட்டை, தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும் என்பதால் வீட்டுத் தட்டைத் தினமும் சுத்தம் செய்து குழியில் புதைத்தால் ஆபத்து மிகவும் குறைகிறது. கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. வீட்டில் வேறு ஆள் இல்லையென்றால் கையுறை போட்டுச் செய்து கையைக் கழுவ வேண்டும்.

கோழிக்குஞ்சுகளைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம். பெட்டைக்கோழியை எதிர்க்கப் பூனை துணியாது, குஞ்சைத் தூக்கும். எவ்வளவு பழகிய பூனையானாலும் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பதை விட்டுவிடக் கூடாது.

என்ன கொடுப்பது?

தயிர்ச்சோறு தின்று வாழ்கிற பூனை என்று பெருமையாகச் சொல்வார்கள். பூனை மாமிசப் பிராணி. அதற்கு வேண்டிய டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். நாலு கிலோ எடையுள்ள கடுவனுக்கு நாளைக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி தேவை. கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழி ஈரல், இருதயம், இரைப்பை, கழுத்துக் கறி இவற்றை உப்பு, மிளகாய், வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்து, எலும்பை நீக்கி, கொஞ்சம் சோற்றில் பிசைந்து இரண்டு வேளையாகக் கொடுக்கலாம். ஈரல் மட்டும் தினம் கொடுத்தால் உயிர்ச்சத்து ஏ மிகுந்து எலும்பு கெடும். மற்றவற்றோடு சிறிது கலந்தால் போதும். மத்தி போன்ற மீனைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. வேகவைத்தால் கெடுதல் இல்லை. கருவாட்டில் உப்பு அதிகம். பால் பெரிய பூனைகள் பலவற்றுக்குக் கழிச்சலை உண்டாக்கும். தண்ணீர்தான் முக்கியம். அகலமான மண் சட்டியில் தினம் மாற்றி வைக்க வேண்டும்.

கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால், மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அடைப்பு நீங்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் இறந்துவிடும். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

கதவைத் திறக்கும் நாள்

மூன்று வாரம் கழிந்து, கூப்பிட்டால் வருகிற பழக்கமும் வந்த பிறகு, அறைக்கதவைத் திறந்து வீட்டை ஒவ்வொரு பகுதியாகக் காட்டலாம். வீட்டில் முன்பே பூனை இருந்தால், சந்திக்க வைப்பதற்கு முன் ஒன்றின் துண்டை மற்றொன்றின் இடத்தில் சில நாள் போட்டு வாசனை பழக்க வேண்டும். கதவுக்கு இருபுறமும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் உணவு வைப்பதும் உதவும்.

வெளியே விடாமலே வைத்துக்கொள்ள முடிந்தால் அதுவே மேல். முக்கியமாக வண்டலூர் – வாலாஜாபாத் சாலையை ஒட்டியும், ஆலைகளுக்குப் போகும் சாலைகளை ஒட்டியும் உள்ள வீடுகளில். ஷிப்டு மாறும் நேரங்களில் பேருந்துகள் வரிசையாகப் போகும் சாலையைக் கடுவன் கடந்து திரும்பும் என்று நம்ப முடியாது. நிறுத்திய லாரியின் இன்ஜின் சூட்டில் படுப்பதும் பூனைக்குப் பிடிக்கும். 2020 பிப்ரவரியில், சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கன்டெய்னருக்குள் பூனை ஒன்று இருந்தது. இங்கிருந்து ஏறும் பூனையும் எந்த ஊரில் இறங்குமோ!

தோட்டத்தோடு கூடிய வீட்டில் விட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், நான்கு வாரத்துக்குக் குறையாமல் உள்ளே வைத்திருந்துவிட்டு, மாலை உணவுக்கு முன் பசி இருக்கும் நேரத்தில் கால்மணி நேரம் விட்டு, தட்டைத் தட்டிக் கூப்பிட வேண்டும். சில நாட்களில் நேரத்தைக் கூட்டலாம். பொழுது சாய்ந்ததும் உணவை வைத்து உள்ளே அழைத்து, கதவைச் சாத்திவிட வேண்டும். எலி நடமாடுவது இரவில். குதிரும் விதை மூட்டையும் இருக்கும் அறையின் மூலையில் அதன் பெட்டியையும் மணல் தட்டையும் வைத்துவிட்டால், கடுவன் படுக்கும் இடமும் அதுதான், காவல் காக்கும் இடமும் அதுதான். விடியற்காலையில் கதவைத் திறக்கும்போது வாசற்படியில் ஒரு சுண்டெலி கிடந்தால் துடைப்பத்தால் தள்ளிப் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பூனைக்கு வழக்கமான உணவை வைக்க வேண்டும்.